கதவைச் சாத்திக்கொண்டு நீ குளித்த அறை

அக்கா,

பக்கத்து வீட்டில் குளியலறையை உடைக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தானே. அவர்கள் அங்கே அடித்தால் நம் அடுப்படித் தட்டில் கிளாஸ் ஆடுகிறது. வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. காயப்போட்ட துணியிலும் அதே வாசனை, சோறு வடித்தால் சோற்றிலும் இருப்பது மாதிரி தோன்றுகிறது.

நேற்று அந்த வீட்டு மலாய்க்கார அக்கா, ஸைத்தூன் கக் வந்து, "தூசிக்கு மாஃப் லா" என்று மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு மாஃப். நம் வீட்டு வேலை நடந்தபோது நான் அவள் வீட்டில்தானே போய்க் குளித்தேன். இப்போது அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். இன்று காலையில் தோளில் துண்டோடு பின்கதவு வழியாக வந்தாள். உள்ளே போனாள், கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் தொட்டித் தண்ணீரில் குவளை முங்குகிற சத்தம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நான் பெற்றவள் மாலாகூட, பினாங்கிலிருந்து வந்தாலும் பைப்பைத் திறந்து அவசர அவசரமாகக் குளித்துவிட்டு ஓடுகிறவள். அப்படி நிதானமாக, மொண்டு மொண்டு ஊற்றிக் குளிக்கிற சத்தம் நீ போனபிறகு இந்த வீட்டில் கேட்டதில்லை அக்கா.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. உனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்தது. உனக்கு அதுகூட முழுதாக இல்லை, என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவள் நீ. ஆனால் வாயால் சொல்லலாம் என்றால் எதிரில் நீ இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த அந்த நாட்கள்தான் முதலில் கண்முன் வருகின்றன. இனிப்புநீர் வியாதி முதலில் கால் விரலைத் தின்றது. அப்புறம் பாதம். அப்புறம் டாக்டர் வந்து, இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன். நீ அழவில்லை. "எடுக்கறதுன்னா எடுக்கட்டும். நாப்பது வருஷம் மேட்டுலயும் பள்ளத்துலயும் நடந்த காலு. அதுக்கும் பென்ஷன் குடுக்க வேணாமா?" என்றாய். நர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டது.

எடுத்தபிறகுதான் நீ மாறினாய். போர்வையை இடுப்பிலிருந்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அதன் ஓரத்தை முதுகுக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டாய். கட்டு மாற்ற வந்தால் என்னை வெளியே போகச் சொன்னாய். நான் ஈரத்துணியோடு வந்து, "முகம், கை, முதுகு மட்டும் தொடச்சு விடறேங்க்கா" என்றபோது துணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றுதான் அந்தப் பேச்சு வந்தது.

"வீட்டுக்கு வர்றேன். ஆனா கதவைச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும், நானே கக்கூஸ் போகணும். நம்ம வீட்டுல அது முடியாதுன்னா என்னை எங்கனா முதியோர் இல்லத்துல விட்ரு."

எனக்குக் கோபம் வந்தது. "அங்க மட்டும் நீயே குளிப்பியா? அங்கயும் ஒருத்தி வந்துதான் குளிப்பாட்டணும்."

"அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவளைத் தெரியாது. நீ என் தங்கச்சிடி."

பக்கத்துக் கட்டில் பாட்டி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ எப்போதும் அப்படித்தான். தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த பொதுத் தொட்டியை நினைத்துப் பார்க்கிறேன். வேலை விட்டு வந்ததும் பொம்பளைகள் எல்லாரும் மாரோடு கைலியைக் கட்டிக்கொண்டு ஒன்றாகத்தான் குளிப்பார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்து விடுவாள். நீ மட்டும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எல்லாரும் போகிறவரைக்கும் காத்திருப்பாய். "என்னாடி, உனக்கு மட்டும் தங்கத்துலயா செஞ்சு வச்சிருக்கு?" என்று கேட்பார்கள். "தங்கமா இருந்தா உங்க கண்ணுல காட்டுவேனா? வித்துட்டுப் போயிருக்க மாட்டேன்?" என்பாய். எல்லாரும் போனபிறகு என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் குளிப்பாய். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கல்யாணம் ஆகி, புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளை குட்டி இல்லாமல் என்னோடு வந்து சேர்ந்தபிறகும் அது மாறவில்லை. ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். உன் முழங்காலைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

அதனால் நீ சும்மா மிரட்டுகிறாய் என்று நான் நினைக்கவில்லை. இந்த வீட்டுக் குளியலறையை மாற்றினால்தான் நீ இந்த வீட்டுக்கு வருவாய்.

நம் பழைய குளியலறை எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்ன வீடு, அதில் தீப்பெட்டி மாதிரி இரண்டு அறை. ஒன்று குளிக்க, ஒன்று குந்துகிற கக்கூஸ். அடுப்படியிலிருந்து கால் வைத்தால் ஒரு படி கீழே இறங்கும். கதவு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு. இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் தொட்டி. அதன் அடியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பச்சைப் பாசி. இரண்டு கால் இருந்தபோதே நீ அதில் வழுக்கி, "இந்த வீட்டுல எமன் குளிக்கற எடத்துலதான் குடியிருக்கான்" என்று சொல்லியிருக்கிறாய்.

பீடோங்கில் வீட்டு வேலை எடுத்துச் செய்கிற சேகரைக் கூப்பிட்டேன். கோயில் மடைப்பள்ளிக்குக் கூரை போட்டாரே, அவர்தான். வந்து சுற்றிப் பார்த்தார். நடுச்சுவரை எடுத்து இரண்டையும் ஒன்றாக்கவேண்டும், தரையை உயர்த்திப் படியே இல்லாமல் செய்யவேண்டும், சக்கர நாற்காலி நுழைய கதவை அகலப்படுத்தி, பக்கவாட்டில் தள்ளுகிற கதவாகப் போடவேண்டும் என்றார். எல்லாம் சரியாகத்தான் பட்டது. அப்புறம் தொட்டியைக் காட்டி, "இதையும் உடைச்சுத் தூக்கிப் போட்ரலாம்க்கா. இப்ப யாரு தொட்டியில குளிக்கறா. ஷவர் போட்டுக் குடுத்தர்றேன், வெந்நீரே வரும்" என்றார்.

அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். நீ கேட்டுவிட்டுக் கத்தினாய். "மேலேருந்து தண்ணி சொட்டினா அது குளியலாடி? மழையில மாட்டிக்கிட்டவ மாதிரி நான் உக்காந்திருக்கணுமா? தொட்டி வேணும். மொண்டு ஊத்துனாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும். அந்தத் தம்பிகிட்ட குடு போனை."

அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா, தொட்டி இருக்கும்மா" என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போனை வைக்கப்போகிற நேரத்தில், "நல்ல நேரம் பாத்து உடைக்கச் சொல்லு" என்றாய். "கக்கூஸ் உடைக்கறதுக்குமா நல்ல நேரம்?" என்று கேட்டேன். "ஏன், நான் தெனமும் போறது கோயிலுக்கா, கக்கூஸுக்கா? ராகு காலத்துல மட்டும் கை வைக்கக்கூடாது."

தொட்டி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தபடி நீ கை நீட்டி மொள்ளவேண்டும், குனியவும் கூடாது, எக்கவும் கூடாது. நான் ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்னைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முழங்கையிலிருந்து மெத்தை வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டேன். கையை நீட்டச் சொல்லி இன்னொரு முடிச்சு. போர்வைக்கு மேல் என் கை படாமல் பார்த்துக்கொண்டேன், நீயும் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாய். "சவப்பொட்டிக்கு அளவு எடுக்கறியா?" என்றாய். "வாயைக் கழுவு" என்றேன். அந்தக் கயிற்றைத்தான் சேகர் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதைப் பார்த்துத் தொட்டியைத் தாழ்வாகக் கட்டினார். பக்கத்திலேயே உட்கார ஒரு சிமெண்ட் மேடை.

வேலை நடந்தவரைக்கும் வீடு வீடாகவே இல்லை. சுவர் இடித்த மண் கூடம் வரைக்கும் வந்தது. சாமி படத்துக்குத் துணி போட்டு மூடினேன். காலையிலும் சாயங்காலமும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸைத்தூன் கக் வீட்டுக்குப் போவேன். அங்கே குளிக்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும், உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன். அடுத்தவர் வீட்டில் குளிக்கிறதே இப்படி இருக்கிறதே, அடுத்தவர் கையால் குளிக்கிறது எப்படி இருக்கும் என்று தோன்றும். நீ கேட்டதில் இருந்த நியாயம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

டைல் மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று இளம்பச்சையாகப் பார்த்து எடுத்தேன். தரைக்குக் கால் வழுக்காத சொரசொரப்பான டைல். உட்காருகிற கக்கூஸை எங்கே வைப்பது, பிடித்துக்கொள்கிற கம்பியை எங்கே பூட்டுவது என்பதற்கு மாலா தன் போனில் ஒரு படம் தேடிக் காட்டினாள். கால் இல்லாதவர்களுக்கு என்றே செய்த குளியலறை, ஏதோ வெளிநாடு. வலது பக்கச் சுவரில் பளபளவென்று கம்பி. சேகர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். கம்பிக்குப் பக்கத்தில், நமக்கு வேண்டும் என்று, கையில் எடுத்துக் கழுவுகிற தண்ணீர்க் குழாயையும் வைத்தார். எல்லாருக்கும் சந்தோஷம். அதில் என்ன தப்பு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

நீ வந்தாய். மாலா சக்கர நாற்காலியைத் தள்ள, வாசலில் நான் ஆரத்தி எடுக்க, "என்னாடி, எதுக்கு இதெல்லாம், புதுப் பொண்ணா நான்?" என்று முகத்தைச் சுளித்தாய். நேராகக் குளியலறைக்குத்தான் போனாய். தொட்டி விளிம்பைத் தடவினாய், மேடையைத் தட்டினாய். பச்சை டைலைப் பார்த்து, "பாசி போச்சுன்னு பாத்தா பாசி கலருலயே வாங்கியிருக்க" என்றாய். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிச் சாத்தினாய். நான் அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "நிக்காத அங்க. கீழ உன் நெழலு தெரியுது."

அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். மாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஏதோ விழுந்த சத்தம், தண்ணீர் சீறுகிற சத்தம். ஓடினேன்.

"அக்கா! விழுந்துட்டியா? உள்ள வரட்டா?"

"வராத!"

"என்னா ஆச்சு?"

"அடியே, எனக்கு ரெண்டு கைதான்டி இருக்கு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து என் காலை நனைத்தது. நீ கதவைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது தலையிலிருந்து கைலி வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாய். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்று சாப்பிடவில்லை. மாலா சாயங்காலம் சாயா கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளிடம்தான் சொன்னாய். "நீ போன்லயே தேடிப் பாரு ஆயி. பாலிங் பக்கம் ஒரு இல்லம் இருக்குன்னாங்க. கேட்டுப் பாரு."

அதற்குப்பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உடுத்த துணியோடு அந்தக் கக்கூஸில் உட்கார்ந்தேன். இடது காலைத் தூக்கி மடக்கிக்கொண்டேன். வலது கையால் கம்பியைப் பிடித்தேன், உடம்பு நின்றது. கழுவவேண்டும். குழாயை எடுக்க வலது கை, கழுவ இடது கை. கம்பியை விட்டேன். உடனே இடது பக்கமாகச் சரிந்தேன். காலைக் கீழே ஊன்றித்தான் தப்பித்தேன். உனக்கு ஊன்ற அங்கே கால் இல்லையே அக்கா.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் படத்தில் இருக்கிற ஊரில் காகிதத்தால் துடைக்கிறார்கள். ஒரு கை கம்பியில் இருக்கலாம். நம் சாதி சனத்துக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் நமக்கு ஆகாது. அதை யோசிக்காமல் சுவரை இடித்து, தரையை உயர்த்தி, டைல் ஒட்டி, எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிட்டோம். நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டு அழுதேன். உனக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் சேகர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "படத்துல அப்படித்தானேக்கா இருந்துச்சு" என்றார். மாலா முகம் சிவந்து, "வெள்ளக்காரன் எப்படிப் போறான்னு நான் எங்கங்க பாத்தேன்" என்றாள். இடது பக்கம் இன்னொரு கம்பி போடலாமா என்றார். கம்பியைப் பிடிக்கக் கை வேண்டுமே. பின்னால் பெல்ட் மாதிரி கட்டலாமா என்றார். எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. கடைசியில், இடது தொடைக்குப் பக்கத்தில் செங்கல் வைத்துச் சின்னதாக ஒரு குட்டைச் சுவர் எழுப்பினால், கையை விட்டாலும் இடுப்பும் தொடையும் அதில் சாய்ந்துகொள்ளும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. ஆனால் எவ்வளவு உயரம்? ரொம்பத் தாழ்ந்தால் தாங்காது. ரொம்ப உயர்ந்தால் கை உள்ளே போகாது.

"அளவு..." என்று இழுத்தார் சேகர். "அவங்க உக்காந்து காட்டுனாத்தான்க்கா தெரியும்."

நான் வேண்டாம் என்றேன். என் கூடப்பிறந்தவளை எனக்குத் தெரியாதா. ஒரு ஆம்பளை முன்னால், அதுவும் அந்த இடத்தில் உட்கார்ந்து காட்டு என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? நான் உட்கார்கிறேன், என் அளவுக்குக் கட்டிவிடலாம் என்றேன். நீ கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாய். தோளோடு போர்த்தி, காலுக்குக் கீழே தொங்கும்படி கொசுவத்தை இழுத்துவிட்டிருந்தாய்.

"நகருங்க" என்றாய்.

நாற்காலியை முன்னால் நிறுத்தினாய். வலது கையால் கம்பியைப் பற்றி ஒற்றைக் காலில் எழுந்து, திரும்பி, மூடி போட்ட கக்கூஸின்மேல் உட்கார்ந்தாய். சேகர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க என்னா தம்பி இருக்கு, பல்லியா? இங்க பாரு. பாக்காம எப்படிக் கட்டுவ?"

"இல்லம்மா..."

"வெக்கப்படறதா இருந்தா நான் படணும். நீ செங்கல்லை எடு."

அவர் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கினார், சிமெண்ட் இல்லாமல் சும்மா. நீ கம்பியை விட்டுவிட்டுச் சாய்ந்து பார்த்தாய். இன்னொன்று வை என்றாய். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், "போதும்" என்றாய். அவர் ஒரு செங்கல் அதிகமாக வைக்கப்போனார். "இதுக்கு மேல ஒசத்தாத. அப்புறம் சமாதி கட்டுன மாதிரி ஆயிரும்." சேகர் சிரித்தார், மாலா சிரித்தாள், நீயும் சிரித்தாய். உன் கை புடவைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். நரம்பு புடைத்திருந்தது.

யாரும் உன்னைப் பார்க்கக்கூடாது என்பதற்காக, ஒரே ஒரு தடவை எல்லாரும் பார்க்க அங்கே உட்கார்ந்தாய். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குட்டைச் சுவருக்கு ஓரம் இடிக்காமல் வழுவழுவென்று உருட்டிவிட்டு, அதே பச்சை டைலை ஒட்டிக் கொடுத்தார். சிமெண்ட் காய்ந்தபிறகு நீ உள்ளே போனாய். கதவைச் சாத்தினாய். நான் நிழல் தெரியாத தூரத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் மேடைக்கு மாறியிருக்கிறாய், தொட்டியில் குவளை முங்கியது. மொண்டு ஊற்றினாய், மொண்டு ஊற்றினாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் வந்தாய். தலையில் துண்டு, நெற்றியில் திருநீறு. முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் பார்க்காத முகம்.

"பசிக்குது. என்னா கொழம்பு?" என்றாய். இல்லத்தைப் பற்றி அதற்குப்பிறகு பேச்சே இல்லை.

அதற்குப்பிறகு கிடைத்த காலம் கொஞ்சம்தான். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல். ஒவ்வொரு காலையும் நான் சாயா கலக்குகிற நேரத்துக்கு உன் குளியல் சத்தம் கேட்கும். குளித்துக்கொண்டே உள்ளேயிருந்து எனக்கு வேலை சொல்லுவாய். "கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துனியா?" "அந்தக் கோழிக்காரன் இன்னிக்கு வர்றானா?" கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதுதான் நீ நிறையப் பேசுவாய். ஒருநாள் சம்பந்தமே இல்லாமல், "நீ இல்லன்னா நான் அநாதையாத்தான்டி போயிருப்பேன்" என்றாய். கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஒன்றுமே சொல்லாதவள் மாதிரி, "சாயாவுல சீனி போட்டியா, டாக்டர் திட்டுவான்" என்றாய். நானும் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கும் குளித்தாய். தலைக்கு ஊற்றிக்கொண்டாய். ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்து நெஞ்சை அடைக்கிறது என்றாய். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நம் குடியிருப்புத் தாமான் ஆட்கள் கூடாரம் போட்டார்கள். பின்பக்கம் பலகை போட்டு, கைலிகளைக் கட்டி மறைப்பு வைத்தார்கள். வயசான பொம்பளைகள் இரண்டு மூன்று பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள், உன்னைக் குளிப்பாட்ட. எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. மறைப்பு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"அக்கா காலையிலயே குளிச்சாச்சு" என்றேன்.

அவர்களில் மூத்த அம்மா என் தோளைத் தொட்டு, "அது வேற குளியல் ஆயி. இப்ப குளிப்பாட்டாம அனுப்பக்கூடாது" என்றார். அவர் சொல்வது சரிதான். எனக்கும் தெரியும்.

"அப்ப நான் செய்யறேன். நீங்க எல்லாம் வெளிய நில்லுங்க. மாலா மட்டும் இருக்கட்டும்."

"ஒண்டியா முடியாது லா..."

"முடியும்."

அவர்கள் போனார்கள். மாலா தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். உன் உடம்பில் மாரிலிருந்து கீழே வரைக்கும் ஒரு கைலியைச் சுற்றியிருந்தார்கள். மாலா அதை எடுக்கக் கை வைத்தாள். நான் தடுத்தேன். கைலிக்கு மேலேயே ஊற்றினேன். தலைக்கு ஊற்றி சிகைக்காய் தேய்த்தேன், முகத்தைக் கழுவினேன், தோள், கை, விரல் விரலாக. இடுப்புக்குக் கீழே துணியோடு சேர்த்துத்தான் ஊற்றினேன். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாலாவையும் திரும்பச் சொன்னேன். புடவையையும் கைலிக்கு மேல் சுற்றித்தான், உள்ளேயிருந்து ஈரக் கைலியை உருவி, நீயே உடுத்துகிற மாதிரி உடுத்திவிட்டேன். வெளியே யாரோ, "கால்ல நல்லா ஊத்துனியாம்மா?" என்று கேட்டார்கள். ஊற்றினேன் என்றேன்.

என் கையால் உன்னைக் குளிப்பாட்ட வேண்டாம் என்று எவ்வளவு பிடிவாதம் பிடித்தாய். அதைத்தான் கடைசியில் செய்தேன். உன் சம்மதம் கேட்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. வெட்டிய இடம் எப்படி இருந்தது என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடவே இருந்தவள்தானே, உனக்குத் தெரியாதா என்பார்கள். எனக்குத் தெரியாது. நான் இன்றுவரை பார்க்கவில்லை. உன்னுடைய பொருள் எல்லாம் கொடுத்துவிட்டேன், புடவையை, நாற்காலியை, எல்லாவற்றையும். பார்க்காததை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் தங்கச்சி